தொட்டித் தராசில் இரவுப் பணி

கடலுக்குள் நிற்கும் மிதவையிலிருந்து
குழாய் வழியே நீரோடு நீராக
உறிஞ்சப்பட்டு வருகிறது நெத்திலி.
தொட்டி நிரம்பும். முள் நடுங்கி நிற்கும்.
சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்:
எடெல்மிரா சோத்தெலோ, சிம்போத்தே, இரவு 2.10.
சில வாய்கள் இன்னும் அசைகின்றன.
எந்த வாய் எதைத் தின்றது என்பதற்குச்
சீட்டில் கட்டம் இல்லை.

வெளியே கடல் சில்லென்று இருக்கிறது.
அடியிலிருந்து குளிர்நீர் எழும்போது
உரமும் கூடவே ஏறிவரும்.
வெயில் எட்டும் ஆழத்தில்
கண்ணுக்குத் தெரியாத பாசி அதை வாங்கிக்கொள்ளும்.
பச்சைகூட இல்லை,
கழுவாத காப்பிக் கோப்பையின் கறை நிறம்.
படகுக்காரர் ரொசெந்தோ எட்டிப் பார்த்துச் சொல்வார்:
"இன்றைக்குக் கடல் கஞ்சி காய்ச்சுகிறது."

நூறு பங்கு வெயில் விழுந்தால்
பாசி பிடிப்பது ஒன்றுகூட இல்லை.
பாசியை மேயும் கடுகளவு உயிருக்கு
அதிலும் பத்தில் ஒன்று.
அதை விழுங்கும் நெத்திலிக்கு
அதிலும் பத்தில் ஒன்று.
மீதி எங்கே?
துரத்தியதில் போனது, தப்பித்ததில் போனது,
மூச்சில், எச்சத்தில்,
சும்மா உயிரோடு இருந்ததில் போனது.
யாரும் திருடவில்லை.
இருப்பதற்கே அவ்வளவு செலவு.

என் பேரேடும் அதே சாயல்.
நூறு டன் உள்ளே போனால்
இருபத்திரண்டு டன் மாவு, நான்கு டன் எண்ணெய்.
மிச்சம் புகைபோக்கி வழியே வெள்ளையாய் எழுந்து
என் தலைமுடியில், மகனின் பள்ளிச் சட்டையில்,
ஞாயிற்றுக்கிழமை ரொட்டியில் வந்து உட்காரும்.
பணத்தின் வாசனை என்கிறார் மேலாளர்.
வாசனை வந்தது, சரி.

மூட்டைகள் கப்பலேறும்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில், வலைக்கூண்டுக்குள்
வட்டம் சுற்றும் சால்மன் அதைத் தின்னும்.
அந்த வட்டத்துக்கும் ஒரு செலவு.
பிறகு ஒரு தட்டில், எலுமிச்சைத் துண்டோடு,
யாரோ பாதி தின்று தள்ளிவைப்பார்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்.
இங்கே யானையைக் கொடுத்துத்தான்
பொரி வாங்குகிறோம்.

கடல் சூடேறிய வருடம்
குளிர்நீர் மேலே வரவில்லை. நடந்தது அவ்வளவுதான்.
நீர்க்காகங்கள் பறக்கத் தெம்பின்றித்
தெருவில் நடந்து வந்தன.
சந்தையில் ஒரு பெலிகன்
வெங்காயக்காரியின் மேசைக்கடியில் படுத்துக்கொண்டது,
அவள் துடைப்பத்தை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள்.
கடற்சிங்கக் குட்டிகள்
வற்றிய தாயை முட்டிக்கொண்டே இருந்தன.
தொட்டி காலி.
பூஜ்யத்தையும் எழுதிக் கையெழுத்திட்டோம்,
ஒவ்வொரு மணிக்கும்.
கொதிகலன் பார்த்த தியோஃபிலோவை நிறுத்தினார்கள்.
கண்ணால் பார்த்தேயிராத ஒரு பாசியின் தோள்மேல்
இருபது வருடம் நின்றிருந்ததாக
அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு மணி. பணி முடிந்தது.
பையில் இரண்டு கை நெத்திலி.
காவலாளி கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறார்.
உப்பு, மிளகாய், கொஞ்சம் சோளமாவு.
எண்ணெய் சீறுகிறது.
நெமெசியோ எழுந்து வந்து தலையோடு முள்ளோடு
நொறுக்கென்று கடிக்கிறான், நாக்கைச் சுட்டுக்கொண்டு.
மாவும் இல்லை, கப்பலும் இல்லை, கூண்டும் இல்லை:
கடலுக்கும் அவனுக்கும் இடையில்
ஒரு வாணலி.

பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், பள்ளிக்கு நேர் எதிர்த்திசையில்.
பிடித்து இழுத்துக் கழுத்தைத் தொட்டால்
அடுப்புப் போலச் சூடு.
பத்தில் ஒன்பது பங்கு, இதோ,
என் உள்ளங்கையில் வீணாகிக்கொண்டிருக்கிறது.
போகட்டும்.
இன்னும் கொஞ்சநேரம் பிடித்திருக்கிறேன்.